உள்ளங்காலில் ஒரு தராசு

அக்கா எங்கள் விமான நிறுவனத்துக்கு வந்தது மிதவையைக் கூட்டித் துடைப்பதற்கு. வந்த நான்காம் நாள், கையில் துடைப்பத்தோடு நின்றபடியே என் காதருகில் குனிந்து, "தம்பி, அந்த மூண்டாவதா வந்த மனிசன் எண்பது எண்டு சொன்னது பொய்" என்றார்.

நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு விமானம், ஒரு விமானி, மிதவை என்று நாங்கள் அழைத்த, தண்ணீரில் மிதக்கும் ஒரு மரத்தளம், அதன் மேல் ஒரு சிறு அறை, அறைக்குள் நான். ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தில், எல்பே ஆற்றின் ஓரத்தில் இருந்தோம். எங்கள் விமானம் தண்ணீரிலிருந்தே எழும்பித் தண்ணீரிலேயே இறங்கும். சில்லு கிடையாது, அதற்குப் பதில் இரண்டு நீண்ட மிதப்புகள். ஆறு பயணிகள் ஏறலாம். காலையில் ரூகன் தீவுக்குப் போய் வரும். பின்னேரங்களில் நகரத்துக்கு மேலே ஒரு சுற்று. குளிர்காலத்தில் மூடிவிடுவோம். இப்படி ஏழு கோடைகள் பறந்தோம். எட்டாவது கோடைக்கு முன் எங்கள் இடம் வேறொரு படகுத்துறைக்குத் தேவைப்பட்டது. விமானத்தை நோர்வேக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் நிறுவனத்தின் வரலாறு இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் அக்காவைப் பற்றியது.

உரிமையாளரும் விமானியும் ஒருவரே. கப்டன் என்று அழைப்போம். உயரமான ஜேர்மனியர். மாலைதீவில் பன்னிரண்டு ஆண்டுகள் கடல்விமானம் ஓட்டிவிட்டு வந்தவர். என்னை வேலைக்கு எடுத்த அன்று என் முகத்தைப் பார்த்து, "ஆகா, மாலைதீவுக்குத் திரும்பிப் போன மாதிரி இருக்கிறது" என்று மகிழ்ந்தார். நான் எட்டு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஹம்பேர்க்கில் வளர்ந்து, சரக்குக் கப்பல் அலுவலகமொன்றில் தொழிற்பயிற்சி முடித்தவன். எனக்கு நீந்தக்கூட வராது. ஆனாலும் அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க நான் விரும்பவில்லை. அவர் பேசியது எல்லாம் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில். இங்கே தமிழில் தருகிறேன்.

சின்ன விமானத்தில் பேருந்தைப் போல விரும்பிய இடத்தில் போய் இருக்க முடியாது. மொத்த நிறை கூடினால் விமானம் தண்ணீரை விட்டு எழும்பாது. பின்பக்கம் கூடினால் மூக்கு மேலே தூக்கும். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பாக, ஏறுகிற ஒவ்வொருவரின் நிறையையும் கேட்டு ஒரு தாளில் எழுதி, யார் எந்த இருக்கையில் என்று தீர்மானிக்க வேண்டும். நிறைத்தாள் என்று அதற்குப் பெயர். அதை எழுதுவது என் பொறுப்பு. அதில் ஒரு வெட்டு, ஒரு திருத்தம் இருந்தாலும் புதுத் தாளில் எழுதுவேன்.

சிக்கல் என்னவென்றால், மனிதர்கள் தங்கள் வயதை, வருமானத்தை, மதத்தைக்கூட உண்மையாகச் சொல்வார்கள், நிறையைச் சொல்லமாட்டார்கள். கப்டன் ஒரு நல்ல தராசு வாங்கி மிதவையில் வைத்தார். துறைமுகத்தில் ஒரு படகு போனால் மிதவை ஆடும். மிதவை ஆடினால் முள் எட்டுக் கிலோ மேலேயும் எட்டுக் கிலோ கீழேயும் போகும். ஒரு அம்மையார் படகு போகும்வரை காத்திருந்து, முள் கீழே வந்த கணத்தில் "இதுதான்! எழுதுங்கள்!" என்று கத்தினார். பிறகு கப்டன் மின்தராசு வாங்கினார். அது எவர் ஏறினாலும் 'பிழை' என்று காட்டியது. தராசைக் கரையில் வைக்கலாம் என்றால், கரை எங்களுடையது அல்ல. அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதினேன். பதில், நிறுவனம் மூடிய பிறகு வந்தது. கிடைத்த பதில், ஆம்.

அக்கா என்று நான் மரியாதைக்கு அழைத்த அவர் பத்தொன்பது ஆண்டுகள் ஹோட்டல் துணிகள் தோய்க்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். அங்கே ஒரு இயந்திரத்துக்கு இருபத்தைந்து கிலோ துணி போட வேண்டும். கூடினால் இயந்திரம் உடையும். குறைந்தால் மேற்பார்வையாளர் உடைவார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அங்கிருந்த தராசு பழுதாகிவிட்டது. அதைத் திருத்த ஆள் வந்தபோது யாருக்கும் தராசு தேவைப்படவில்லை. அக்கா மூட்டையைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

"மூட்டையைத் தூக்கலாம். ஆளைத் தூக்க ஏலாதே அக்கா?" என்று கேட்டேன்.

"ஏன் தூக்கவேணும்? அவை தானே இறங்கி வருகினம்."

கரையிலிருந்து மிதவைக்கு ஒரு பலகை வழியாக இறங்க வேண்டும். ஆள் ஒருவர் மிதவையில் கால் வைத்ததும் அது சிறிது அமரும். அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு மிதவையின் மறுகோடியில் நிற்பார். வருகிறவரைப் பார்க்கக்கூட மாட்டார். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆள் இறங்கியதும் அவருடைய உள்ளங்காலுக்கு விஷயம் தெரிந்துவிடும். என்னிடம் வந்து ஒரு துண்டுக் கடதாசியை மடித்துத் தருவார். அதில் ஒரு எண்.

முதல் மாதம் நான் நம்பவில்லை. கரையில் ஒரு மீன்கடை இருந்தது. அதன் பின்புறம் பெட்டிகள் நிறுக்கும் பெரிய தராசு, அரசாங்க முத்திரையோடு. கடைக்காரர் காலை நேரத்தில் மட்டும், மீனுக்கு நடுவே, என்னை அதில் ஏறவிட்டார். என் நிறை அறுபத்து நான்கு. மிதவைக்கு வந்து அக்காவின் கடதாசியைப் பிரித்தேன். அறுபத்து நான்கு. கீழே சின்னதாக எழுதியிருந்தார்: "மீன் மணக்குது."

அன்றிலிருந்து கப்டன் மிதவையைத் துடைக்க வேறொருவரை எடுத்தார். அக்காவுக்கு ஒரு கதிரை போட்டார். அக்கா அந்தக் கதிரையில் இருந்ததை நான் மிகச் சில தடவையே கண்டிருக்கிறேன். ஆனால் அது இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மழை வந்தால் முதலில் கதிரையைத்தான் உள்ளே எடுத்து வைப்பார்.

அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எவருடைய நிறையையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சம்பந்தப்பட்டவரே கெஞ்சினாலும் சொல்லமாட்டார். "நிறை சொல்லுறதுக்கில்லைத் தம்பி, இருத்துறதுக்கு" என்பார். ஓய்வுபெற்ற தம்பதியர் இருவர், திருமண நாளுக்காகத் தீவுக்குப் போக வந்தார்கள். ஒன்றாக இருக்க விரும்பினார்கள். அக்கா மனைவியை முன்னாலும் கணவரைப் பின்னாலும் அனுப்பினார்.

"நாற்பது ஆண்டுகளாகப் பக்கத்தில்தான் இருக்கிறோம்" என்றார் கணவர்.

"அப்ப ஐம்பது நிமிசம் தள்ளி இருந்தால் நல்லதுதானே" என்றார் அக்கா, டொச்சில். மனைவி சிரித்துக்கொண்டே முன்னால் போய் ஏறினார். கணவர் சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் தீவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் மிதவையில் இறங்கியதும் அக்கா என்னைப் பார்த்து, "போகேக்கை இருந்ததை விட ஒன்பது கூட" என்றார். ஒரு நாளில் ஒன்பது கிலோ சாப்பிட முடியாது. நான் மரியாதையாக அவரைப் பார்த்தேன். அவர் சிவந்துபோய், கோட்டின் பைகள், காற்சட்டைப் பைகள், தொப்பி எல்லாவற்றிலிருந்தும் தீவின் கடற்கரைக் கற்களை எடுத்து மேசையில் அடுக்கினார். அங்கே கல் எடுக்கக்கூடாது. "நாங்கள் பொலிஸ் இல்லை" என்று அக்கா சொன்னார். "அடுத்தமுறை சொல்லிப்போட்டுக் களவெடுங்கோ. சமமா இருத்தவேணும்."

இந்தப் பழக்கம் மிதவையோடு நிற்கவில்லை. எஸ்-பான் நகர ரயிலில் ஏறினால் பெட்டியின் எந்தப் பக்கம் ஆட்கள் குறைவோ அந்தப் பக்கம்தான் போவார். ஒரு முறை என் காரில் நாலு பேர் ஏற, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எல்லோரையும் இறக்கி மறுபடி ஏற்றினார். என் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வந்தார். மாமாவும், அதாவது என் மனைவியின் அப்பாவும், அன்று வந்திருந்தார். எங்களுடையது பழைய மரத்தரை. அக்கா சப்பாத்தைக் கழற்றியதைக் கண்டதும் என் மனைவி சோபாவில் போய் இருந்தாள். அக்கா போகும்வரை எழும்பவில்லை. சோறு, கறி, பாயாசம் எல்லாம் நானே எடுத்து வந்தேன்.

"ஏன் எழும்பயில்லை?" என்று பிறகு கேட்டேன்.

"அவ ஒண்டும் கேக்கமாட்டா. ஆனால் தெரிஞ்சுகொண்டு போயிடுவா. எனக்கு அது வேண்டாம்" என்றாள்.

ஆனால் அதே நாள் அக்கா வாசலில் நின்று என்னிடம் மெதுவாக, "போன வருசம் உங்கடை மாமாவைக் கோயிலிலை கண்டனான். அண்டைக்கு அந்த மரமேடையிலை எனக்குப் பக்கத்திலை நிண்டவர். இப்ப ஆறு குறைவு. அவர் மெலியிறன் எண்டு சந்தோசப்படுறார் போலை. விடாதேங்கோ, டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்றார். காட்டினோம். இரத்தத்தில் சீனி மிக அதிகம். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார்கள். அதன் பிறகும் என் மனைவி அக்கா வந்தால் சோபாவை விட்டு எழும்புவதில்லை. ஆனால் அவருக்காகப் பாயாசம் மட்டும் முதல்நாளே செய்து வைப்பாள்.

ஐந்தாவது கோடையில் பிரச்சினை வந்தது. ஒரு சனிக்கிழமை ஆறாவது பயணியாக வந்த தொழிலதிபர் ஒருவரை அக்கா ஏறவிடவில்லை. அவர் எழுபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா கடதாசியை என்னிடம் நீட்டி, "அடுத்த பயணத்துக்கு விடுங்கோ" என்றார். வாக்குவாதம் இருபது நிமிடம் நடந்தது. அந்த மனிதர் தீவிலே கலந்துகொள்ள வேண்டிய கூட்டத்தைத் தவறவிட்டார். எழுதிய கடிதம் மூன்று பக்கம். "உங்கள் நிறுவனத்தில் காலுறையோடு நிற்கும் ஒரு பெண்மணி என்னைப் பார்க்காமலே நான் பொய்யன் என்று முடிவு செய்தார்" என்பது அதன் முதல் வரி.

கப்டன் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வந்து என் மேசையில் விரித்தார். எங்களைப் போன்ற சிறிய விமானங்களுக்கு, பயணி சொல்லும் நிறையை ஏற்றுக்கொண்டு, உடுப்புக்கும் மற்றதற்கும் ஒரு தொகை கூட்டினால் போதும் என்று அதில் இருந்தது. எங்கள் நிறுவனத்துக்கு நாலு கிலோ என்று அவர் தீர்மானித்தார்.

"இனி இப்படித்தான். சொல்வது, அதோடு நாலு. யாரும் கோபப்படமாட்டார்கள்."

நான் அக்காவுக்கு விளக்கினேன்.

"பொய்யோடை நாலைக் கூட்டினால் உண்மையாகுமோ தம்பி?"

நான் இதைக் கப்டனுக்கு மொழிபெயர்த்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அக்காவை நேராகப் பார்த்து, இனி ஒரு பயணம் அவரால் தாமதமானால் அவர் பழையபடி, அவரை முதலில் எங்களிடம் அனுப்பிய துப்புரவு நிறுவனத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்றார். கத்தவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அன்று அவர் கதிரையில் இருந்தார். "துடைக்கிற வேலைக்கு என்ரை முதுகு இனி ஏலாது தம்பி. அதைவிட, இஞ்சைதான் என்னட்டை ஒரு விசயம் கேக்கினம். பத்தொன்பது வருசம் ஒருத்தரும் ஒண்டும் கேக்கயில்லை. மூட்டையைத்தான் காட்டினவை."

மூன்று வாரம் அக்கா வாய் திறக்கவில்லை. துண்டுக் கடதாசியை எழுதி, மடித்து, தன் கைப்பையில் போட்டுக்கொள்வார். எங்கே இருத்துவது என்பதை மட்டும் அவரிடம் கேட்காமல் கேட்டுக்கொள்வேன். அவர் கண்ணால் காட்டுவார். விமானம் நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்தது.

பிறகு கோயில்காரர்கள் வந்தார்கள்.

நகரத்தின் தெற்கே தொழிற்பேட்டையில் ஒரு சிறிய தமிழ்க் கோயில் உண்டு. ஒரு பக்கம் ரயர்க் கடை, மறுபக்கம் பெரிய தளபாடக் கடை. தேர்த் திருவிழா அன்று தேர் தளபாடக் கடையின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வரும். அந்த ஆண்டு தேருக்கு வானத்திலிருந்து பூ தூவ வேண்டும் என்று நிர்வாகசபை தீர்மானித்தது. கப்டனுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது; பத்திரிகையில் படம் வரும் என்று நம்பினார். வானிலிருந்து எதைப் போடுவதற்கும் அனுமதி வேண்டும். நான் விண்ணப்பித்தேன். அதிகாரி தொலைபேசியில் கேட்டார்: "பூவில் கம்பி உண்டா? நூல் உண்டா?" இல்லை, இதழ் மட்டும். "என்ன நோக்கம்?" கடவுளுக்கு. அந்தப் படிவத்தில் கடவுளுக்குக் கட்டம் இல்லை. 'விளம்பரம் அல்லாத பிற' என்பதில் போட்டார்.

அன்று காலை ஒன்பதரைக்கு நாலு பேர் வந்தார்கள்: தலைவர், செயலாளர், அன்றைய திருவிழாவின் உபயகாரர், உதவி ஐயர். பட்டு வேட்டி, பட்டுச் சால்வை. கூடவே ஆறு சாக்குப் பூ. பத்தரைக்குத் தேர் இருப்பிடத்தை விட்டு நகரும். பறப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். நேரம் தாராளமாக இருந்தது.

முதலில் ஐயர் விமானத்துக்குப் பூசை செய்ய வேண்டும் என்றார். தேங்காய் உடைத்தார், பாதி ஆற்றில் போயிற்று. பிறகு சில்லுக்குக் கீழே வைப்பதற்குத் தேசிக்காய் எடுத்தார். சில்லு இல்லை. விமானத்தை ஒரு முறை சுற்றிப் பார்க்க முடியாது, தண்ணீர். குனிந்து பார்த்துவிட்டுத் தலைவரைக் கேட்டார்: "இதுக்கு எங்கை வைக்கிறது?"

"முன்னாலை வையுங்கோ, ஏறி நசிச்சுக்கொண்டு போகட்டும்" என்றார் தலைவர்.

ஐயர் நாலு தேசிக்காய்களையும் மிதப்புகளுக்கு முன்னால் தண்ணீரில் வைத்தார். அவை ஒன்றன்பின் ஒன்றாக வடகடலை நோக்கிப் புறப்பட்டன.

நால்வரும் தத்தம் நிறையைச் சொன்னார்கள். நாலு நாலு கூட்டி எழுதினேன். பூ அறுபது கிலோ என்று தலைவர் ஒரு சீட்டைக் காட்டினார். ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஆட்களின் மளிகைக் கடையில் நிறுத்தது, சாக்குக்குப் பத்து. தாளின்படி எல்லாம் அளவுக்குச் சரியாக இருந்தது. நால்வரும் ஏறி இருந்து, யன்னலால் கை காட்டிப் படம் எடுத்தார்கள். சாக்குகளை அதற்கு முன்பே அவர்களே பின்னால் ஏற்றியிருந்தார்கள். கடைசிச் சாக்கு மிதவையில் கிடந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு குனிந்து ஒரு காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது எப்ப நிறுத்தது?"

"நேற்றுப் பின்னேரம்" என்றார் செயலாளர் உள்ளேயிருந்து.

"பிறகு தண்ணி தெளிச்சதோ?"

"தெளிக்காமல்? பூ வாடிப்போகாதோ?"

"எவ்வளவு தெளிச்சனீங்கள்?"

"பொம்பிளையள் விடிய விடியத் தெளிச்சவை. நல்லாக் குளிப்பாட்டிப்போட்டுத்தான் கொண்டந்தனாங்கள்" என்றார் உபயகாரர் பெருமையாக.

அக்கா என்னைப் பார்த்தார். "துவாயும் பூவும் ஒண்டுதான் தம்பி, தண்ணி குடிச்சால். இது பத்தில்லை, பதினெட்டு. ஆறு சாக்கு. அதோடை இவை நாலுபேரும் சொன்னதும் சரியில்லை. எல்லாம் சேர்த்து அறுபத்து நாலு கூட."

கப்டன் தன் இருக்கையிலிருந்து கடிகாரத்தைக் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். அவருடைய முகம் இறுகியது. "தாளில் என்ன இருக்கிறது?" என்றார். தாளில் சரியாக இருக்கிறது என்றேன். "அப்படியானால் கயிற்றை அவிழுங்கள்."

அக்கா கயிற்றின் மேல் ஏறி நின்றார். காலுறையோடு.

"ஒராள் இறங்கினால் காணும்" என்றார்.

உள்ளே பெரிய விவாதம். தலைவர் இறங்க முடியாது, அவர் தலைவர். உபயகாரர் இறங்க முடியாது, இன்றைக்கு அவருடைய திருவிழா. ஐயர் இல்லாமல் பூ தூவினால் அது வெறும் பூ. மூவரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

"நான்தான் அந்த யோசனையே சொன்னது!" என்றார் செயலாளர். "பூவிலை ஒரு சாக்கை இறக்குங்கோ."

"மூண்டரைச் சாக்கு இறக்கவேணும். பிறகு என்னத்தைத் தூவுறது, சால்வையையோ?" என்றார் அக்கா.

"பிள்ளை, நீர் படிச்சனீரோ இதுகளை?" என்று தலைவர் கேட்டார். அக்காவைவிட அவருக்கு வயது குறைவு.

நேரம் பத்து இருபத்தைந்து. கப்டன் மறுபடியும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அக்கா அவரை ஒரு முறை பார்த்தார். தன் கதிரையை ஒரு முறை பார்த்தார். பிறகு விமானத்தின் கதவருகே போய், தலைவரை விரலால் அழைத்தார். தலைவர் குனிந்தார். அக்கா அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் நிமிர்ந்தார். சால்வையைச் சரிசெய்தார்.

"கோயிலிலை ஆளில்லை. ஆரும் ஒருத்தர் தேரடியிலை நிக்கத்தானே வேணும்" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்.

அவர் இறங்கியதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே இருந்த மூவரும் அக்காவையே பார்த்தார்கள். உபயகாரர் கொஞ்சம் சாய்ந்து, "எனக்கு என்ன, நான் சரிதானே?" என்று காதை நீட்டினார். அக்கா சொன்னார். உபயகாரருக்குத் திடீரென்று தலைசுற்றியது. உயரம் ஒத்துவராது என்று வைத்தியர் சொன்னது நினைவுக்கு வந்தது. செயலாளர் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டார். தலைவர் இல்லாமல் தான் போவது முறையல்ல என்று இறங்கினார். ஐயர் காதைக் கொடுக்கவில்லை. அக்கா தன் பக்கம் திரும்பியதுமே, "நான் பூசையை முடிச்சிட்டன்தானே" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

அந்த எண்களை நான் அறிவேன். இங்கே எழுதப்போவதில்லை.

"இப்ப மூண்டுபேர் திரும்பி ஏறலாம்" என்றேன் நான். நால்வரும் ஆற்றைப் பார்த்தார்கள். பிறகு வாடகைக்கார் பிடிக்கக் கரைக்கு ஏறினார்கள். பலகையில் ஒவ்வொருவராக, நுனிவிரலில் நடந்தார்கள்.

பூ தூவ ஆள் இல்லை.

"நீங்கள் ஏறுங்கோ தம்பி" என்றார் அக்கா. "உங்களை ஆர் கணக்கிலை எடுக்கினம்."

கடைசிச் சாக்கையும் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு ஏறினேன். கப்டன் இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் யன்னலைத் திறந்தார். நாற்பது நிமிடத் தாமதம். "நாளையிலிருந்து நீங்கள் மிதவைக்கு வர வேண்டாம். துப்புரவு நிறுவனத்துக்கு நான் தொலைபேசி எடுக்கிறேன்" என்றார். அக்காவுக்கு அது விளங்கியது. நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"சாக்கை முன்னுக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கோ" என்று மட்டும் என்னிடம் சொன்னார். இயந்திரச் சத்தத்தில் கப்டனுக்கு அது கேட்கவில்லை. அல்லது அவர் கேட்க விரும்பவில்லை.

தண்ணீரை விட்டு எழும்பியதும் விமானத்தின் மூக்கு, நான் பார்த்தேயிராத கோணத்தில், மேலே போனது. கப்டன் இரண்டு கையாலும் பிடியை முன்னால் தள்ளினார். "பின்னால் என்ன இருக்கிறது?" என்று கத்தினார்.

"பூ!" என்று கத்தினேன்.

"முன்னால் இழு!"

இழுத்தேன். முதல் சாக்கை என்னால் அசைக்க முடியவில்லை. உதைத்து, கட்டிப்பிடித்து, ஒரு குழந்தையைப் போல மடியில் இருத்தி, ஒவ்வொன்றாக முன்னுக்குக் கொண்டு வந்தேன். வேட்டி கட்டிய நாலு பேரும் அந்த இருக்கைகளில் இருந்திருந்தால் எனக்குக் கையை நீட்டவும் இடம் இருந்திராது. மூக்கு மெல்ல இறங்கியது. கப்டனின் கழுத்து வியர்த்திருந்தது.

பூமாரியைப் பற்றிச் சொல்வதானால், முதல் சாக்கு மாரியாக விழவில்லை. நனைந்து இறுகிய கட்டியாக, தளபாடக் கடையின் கூரைக்குப் போயிற்று. அடுத்த நாலையும் கையால் பிரித்துப் பிரித்துப் போட்டேன். கீழே தேர் கார் நிறுத்துமிடத்தின் கடைசித் திருப்பத்தில் இருந்தது. சனங்கள் கையைத் தூக்கினார்கள். "அரோகரா" மேலே கேட்கவில்லை. வாய்கள் திறந்தது தெரிந்தது. ஆறாவது சாக்குக்கு முன் தேர் இருப்பிடத்துக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது அக்கா சப்பாத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். தேங்காய் ஓடுகள் கூட்டி ஒதுக்கப்பட்டிருந்தன. கப்டன் மிஞ்சிய சாக்கைத் தானே தூக்கி இறக்கினார். வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணீர் வழிந்தது.

"இது எவ்வளவு?" என்றார்.

அக்கா எழும்பவில்லை. "காலமை பதினெட்டு. இப்ப பதினாறு இருக்கும். வடிஞ்சிட்டுது."

கப்டன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு ஏறினார். மீன்கடைக்குப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் வந்தார். என்ன காட்டியது என்று சொல்லவில்லை. என் மேசையிலிருந்து அன்றைய நிறைத்தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நாளைக்கு ஏழரைக்கு வாருங்கள். சப்பாத்து வேண்டாம்."

அக்கா தலையாட்டினார்.

"வேறு என்ன பிழை இருக்கிறது இந்தத் தாளில்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் மேலே விமானியின் பெயரும் நிறையும் அச்சிட்டே வரும். முதல் கோடையில் கப்டன் சொன்னதை வைத்து ஆயிரம் பிரதி அச்சடித்திருந்தோம். எண்பத்திரண்டு.

"கோவிக்கமாட்டியள் எண்டால் சொல்லுறன்" என்றார் அக்கா டொச்சில். "அஞ்சு வருசமா உங்களுக்குப் பக்கத்திலை மெலிஞ்ச ஆக்களைத்தான் இருத்தினனான்."

கப்டன் குனிந்தார். அக்கா அவர் காதில் சொன்னார். கப்டன் நிமிர்ந்து ஆற்றைச் சிறிது நேரம் பார்த்தார். ஒரு படகு போனது. மிதவை ஆடி நின்றது. பிறகு என் பேனாவை வாங்கி, அச்சிட்ட எண்ணை ஒரே கோட்டில் வெட்டி, பக்கத்தில் புதிய எண்ணை எழுதிக் கையொப்பமிட்டார்.

அக்கா எழும்பி வந்து, அவர் தோளுக்கு மேலாக அதை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு" என்றார்.